ஆபரேஷன் தியேட்டரில் குழுப்பணியை அளப்பது எப்படி: பாதுகாப்பும் நேரமும் ஒரே தாளில்

அறுவைப் பாதுகாப்புச் செக்லிஸ்ட் எத்தனை சதவீதம் நிரப்பப்படுகிறது என்று எந்த மருத்துவமனையில் கேட்டாலும் தொண்ணூறுக்கு மேல் ஓர் எண் வரும். கேஸ் ஷீட்டைப் புரட்டினால் தாள் இருக்கும், எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும். சில நாள் அறுவை இன்னும் நடந்துகொண்டிருக்கும்போதே, முடிந்தபின் போட வேண்டிய 'சைன் அவுட்' கட்டத்திலும் டிக் விழுந்திருக்கும்.

இந்தச் செக்லிஸ்டை உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்தது. மயக்கம் கொடுக்கும் முன் 'சைன் இன்', முதல் கீறலுக்கு முன் 'டைம் அவுட்', நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறும் முன் 'சைன் அவுட்' என்று அதில் மூன்று நிறுத்தங்கள். டொரன்டோ, புது டெல்லி, அம்மான், ஆக்லாந்து, மணிலா, தான்சானியாவின் இஃபகாரா, லண்டன், சியாட்டில் ஆகிய எட்டு நகரங்களில் அதைப் பயன்படுத்திப் பார்த்த முடிவு 2009 ஜனவரியில் வெளியானது. இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும் குறைந்திருந்தன. உலகமே அந்தத் தாளை அச்சடிக்கத் தொடங்கியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அதைக் கட்டாயமாக்கியது. அங்கே 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014-ல் வந்த கட்டுரையில் இறப்பு 0.71-லிருந்து 0.65 சதவீதம். புள்ளியியல்படி அது குறைவே அல்ல. அந்த மருத்துவமனைகளும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் செக்லிஸ்ட் போடுகிறோம் என்றுதான் அறிக்கை கொடுத்திருந்தன.

இடையில் 2010-ல் இன்னொரு முடிவு வந்தது. அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகள் 108-ஐ எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 74 இடங்களில் தியேட்டர் அணிக்குச் சேர்ந்து வேலை செய்யும் பயிற்சி கொடுக்கப்பட்டிருந்தது: கேஸுக்கு முன் பேசுவது, முடிந்தபின் பேசுவது, சந்தேகம் வந்தால் வாய் திறப்பது. பயிற்சி பெற்ற இடங்களில் இறப்பு 18 சதவீதம் குறைந்தது, பெறாத இடங்களில் 7 சதவீதம்தான்.

இவற்றை எப்படி விளக்குவது என்பதில் இன்னும் சண்டை உண்டு. என் கட்சி இதுதான்: தாளை அளந்தால் தாள்தான் கிடைக்கும். அளக்க வேண்டியது அந்த அறைக்குள் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையில் நடப்பதை. அதோடு, பாதுகாப்பை ஒரு கமிட்டியும் நேரத்தை வேறொரு கமிட்டியும் தனித்தனியாக அளந்தால், ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும். தரப் பிரிவிலோ தியேட்டர் பொறுப்பிலோ இருந்து, இரண்டையும் சேர்த்து அளக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: நோட்டுப் புத்தகத்தை எடுக்கும் முன்

யாரை அளக்கிறோம், தாள் யார் கைக்குப் போகும், எதற்குப் பயன்படும், இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, சர்ஜரி, அனஸ்தீசியா, நர்சிங் மூன்று தரப்புத் தலைவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதில் இருந்தே ஆக வேண்டிய வரி: இந்தப் பதிவுகளை வைத்து யாருக்கும் மெமோ கிடையாது, இன்க்ரிமென்ட்டில் கை வைக்க மாட்டோம். முதல் மாதத்திலேயே ஒரு சிஸ்டரைக் கூப்பிட்டு "உன் பேர்ல இப்படி எழுதியிருக்காங்களே" என்று யாராவது கேட்டுவிட்டால் கதை முடிந்தது. அதற்கப்புறம் நீங்கள் பார்ப்பதெல்லாம் உங்களுக்காக நடத்தப்படும் நாடகம்தான்.

தாளில் ஆட்களின் பெயர் வேண்டாம், பதவி போதும். நோயாளியின் பெயருக்குப் பதில் ஒரு வரிசை எண். முடிவுகளைக் கட்டுரையாக வெளியிடும் எண்ணம் இருந்தால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் ஆய்வு வருவதற்கு முந்தைய மாதத்தில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அந்த மாதம் எல்லாரும் நல்ல பிள்ளைகள்.

படி 2: ஓர் அறை, மூன்று அணிகள்

வெளியிலிருந்து பார்த்தால் ஓர் அணி. உள்ளே சர்ஜன் தரப்பு, மயக்க மருந்துத் தரப்பு, நர்சிங் தரப்பு என்று மூன்று. ஒன்று நன்றாக ஓடும்போதே இன்னொன்று தடுமாறலாம். மூன்றையும் சேர்த்து ஒரே மதிப்பெண் போட்டால் அந்தத் தடுமாற்றம் சராசரிக்குள் காணாமல் போய்விடும். அதனால் எதை அளந்தாலும் தாளில் அணிக்கு ஒன்றாக மூன்று பத்தி (மேலிருந்து கீழான வரிசை) வைத்து அளக்க வேண்டும்.

நம் ஊர்த் தியேட்டர்களில் இந்தப் பிரிவு இன்னும் கொஞ்சம் குழம்பும். ஓ.டி. டெக்னீஷியன் எந்தப் பத்தி? அனஸ்தீசியா மெஷினைத் தயார் செய்பவர் அவர்தான், பல இடங்களில் டேபிளில் ஸ்க்ரப் ஆவதும் (கை கழுவி, கிருமி நீக்கிய உடையில் நின்று கருவி எடுத்துக் கொடுப்பதும்) அவரே. எலும்பு அறுவைக்கு இம்ப்ளான்ட் கம்பெனி ஆள் வந்து நிற்பார். எந்த ஸ்க்ரூ எந்தத் தட்டில் இருக்கிறது என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், ஆனால் எந்தப் பட்டியலிலும் அவர் பெயர் இருக்காது. மேற்படிப்பு படிக்கும் பி.ஜி. மருத்துவர்கள், பயிற்சிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்கள் வேறு. இவர்களில் யார் எந்த வேலையைச் செய்யும்போது எந்தப் பத்தியில் வருவார்கள் என்பதை முன்பே முடிவு செய்து எழுதி வையுங்கள். பத்தியை ஆளை வைத்து முடிவு செய்யாமல் வேலையை வைத்து முடிவு செய்தால் தகராறு குறையும்.

படி 3: அளவுகோல்

புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கத் தேவையில்லை, ஏற்கெனவே சோதித்துப் பார்த்தவை இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் அபெர்டீன் பல்கலைக்கழகத்தைச் சுற்றி உருவான மூன்று கருவிகளில் சர்ஜனுக்கு 'நாட்ஸ்', மயக்க மருந்து மருத்துவருக்கு 'ஆன்ட்ஸ்', ஸ்க்ரப் நர்ஸுக்கு 'ஸ்ப்ளின்ட்ஸ்'. கைத்திறனை இவை தொடுவதில்லை. என்ன நடக்கிறது என்ற கவனம், முடிவெடுத்தல், தொடர்பு, தலைமை போன்றவற்றை மட்டும் பார்க்கின்றன. நாட்ஸில் 1 முதல் 4 வரை மதிப்பெண். இவை தனி ஆளுக்கானவை, பயிற்சி மாணவருக்குப் பின்னூட்டம் தர மிக நல்லவை.

அணியை அளக்க இரண்டு உண்டு. விமானத் துறையிலிருந்து வந்த அளவுகோலை ஆக்ஸ்ஃபோர்டில் தியேட்டருக்கு ஏற்றபடி மாற்றியது 'ஆக்ஸ்ஃபோர்ட் நோடெக்ஸ்'. தலைமை, கூட்டுறவு, பிரச்சினையைத் தீர்த்தல், சூழ்நிலைக் கவனம் என்ற நான்கு தலைப்புகளை மூன்று அணிகளுக்கும் தனித்தனியாகப் போடலாம். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் உருவான 'ஓட்டாஸ்' ஐந்து நடத்தைகளைப் பார்க்கிறது. அறுவைக்கு முன், நடுவில், பின் என்று மூன்று கட்டங்களிலும் மூன்று அணிகளுக்கும் 0 முதல் 6 வரை மதிப்பெண். நுணுக்கமானது, ஆனால் கை ஒடியும்.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது நோடெக்ஸ். நான்கு தலைப்பு, மூன்று பத்தி, பன்னிரண்டு எண்கள். ஒருவர் முழு கேஸையும் நின்று பார்த்து இதை நிரப்பிவிட முடியும். இரண்டு கருவிகளை ஒன்றாகக் கலந்து 'நம்ம மருத்துவமனை ஸ்கோர்' என்று ஒன்றைத் தயாரிக்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். பிறகு வேறு எந்த இடத்தோடும் ஒப்பிட முடியாது.

படி 4: பார்ப்பவரைப் பழக்குவது

மிகவும் அலட்சியப்படுத்தப்படும் படி இதுதான். தியேட்டர் வேலை தெரிந்த ஒருவரும் தெரியாத ஒருவரும் பார்வையாளர்களாக இருந்தால் நல்லது. தெரிந்தவர், ரத்தம் வரும்போது அறை ஏன் மௌனமாகிறது என்பதைப் புரிந்துகொள்வார். தெரியாதவர், மற்றவருக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாததை எல்லாம் எழுதுவார். அந்தத் துறையின் சீஃபுக்குக் கீழே வேலை பார்க்கும் ஆளைப் பார்வையாளராகப் போட வேண்டாம். அவருடைய பேனா தானாகவே மேலே போகும்.

முதலில் நடித்துக் காட்டிய வீடியோக்களைப் போட்டு இருவரையும் தனித்தனியாக மதிப்பெண் இடச் சொல்லுங்கள். வேறுபடும் இடத்தில் நிறுத்தி, 'நீ ஏன் 2 போட்டாய், நான் ஏன் 3' என்று பேசச் சொல்லுங்கள். இருவரும் எத்தனை முறை ஒத்துப்போகிறார்கள் என்ற வெறும் சதவீதத்தை நம்பக் கூடாது. நூறு கேஸில் 95-ல் டைம் அவுட் நடந்தது என்று வையுங்கள். இரண்டு பேரும் அறையைப் பார்க்காமலே 'நடந்தது' என்று ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் டிக் போட்டாலும் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போவார்கள். தற்செயலாக வரும் ஒற்றுமையைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் 'கப்பா' என்ற எண் இதற்குத்தான். ஆம்-இல்லை வகைப் பதிவுகளில் அது 0.6-க்குக் கீழே இருந்தால் தியேட்டருக்குள் போகாதீர்கள், இன்னும் வீடியோ பாருங்கள்.

உள்ளே போனபின் முதல் சில நாள் பதிவுகளைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். ஒருவர் பேனாவோடு நிற்கிறார் என்று தெரிந்தால் எல்லாரும் கொஞ்சம் நேராக நிற்பார்கள். மூன்றாம், நான்காம் நாளில் டீ பற்றியும் டியூட்டி மாற்றம் பற்றியும் உங்கள் முன்னாலேயே பேச ஆரம்பிப்பார்கள். அப்போது தொடங்குங்கள். அனஸ்தீசியா மெஷினுக்குப் பக்கவாட்டில், கிருமி நீக்கிய ஸ்டெரைல் பகுதியைத் தொடாத மூலையில் நின்றால் மானிட்டர், மேசை, கதவு மூன்றும் தெரியும்.

ஒரு விதிவிலக்கை முன்பே எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள்: நோயாளிக்கு ஆபத்து என்று கண்ணால் கண்டால் பார்வையாளர் வாய் திறப்பார். அதற்கப்புறம் அந்தக் கேஸின் தாள் கணக்கில் வராது, அவ்வளவுதான்.

படி 5: கேஸ் ஓடும்போது எதைப் பார்ப்பது

டைம் அவுட்டிலிருந்து தொடங்குவோம். பல தியேட்டர்களில் அது இப்படித்தான் நடக்கிறது. சிஸ்டர் தாளைப் படிக்கிறார். சர்ஜனின் முதுகுப்பக்கம் ஒருவர் கவுனைக் கட்டிக்கொண்டிருக்கிறார். பி.ஜி. தோலில் கிருமிநாசினியைப் பெயின்ட் செய்துகொண்டிருக்கிறார். அனஸ்தடிஸ்ட் டிரிப் லைனில் குனிந்திருக்கிறார்.

"பேஷண்ட் பேரு..."

"ம்."

"சைட் ரைட்..."

"ம், ம்."

"ஆன்டிபயாடிக்?"

"போட்டாச்சு, போட்டாச்சு. பிளேடு குடும்மா."

தாளில் டிக். தணிக்கைக்கு இது நூற்றுக்கு நூறு. இதை அளக்க எளிய நான்கு நிலை ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். நடக்கவே இல்லை என்றால் 0. படிக்கப்பட்டது, ஆனால் யாரும் வேலையை நிறுத்தவில்லை என்றால் 1. எல்லாரும் கையை நிறுத்திக் கேட்டார்கள் என்றால் 2. நிறுத்தினார்கள், அந்த நோயாளிக்கே உரிய ஒரு தகவலையாவது யாரோ சொன்னார்கள் என்றால் 3. 'போன தடவை டியூப் போடக் கஷ்டப்பட்டோம்', 'பெரிய சைஸ் இம்ப்ளான்ட் ஒன்றுதான் இருக்கு', 'ரத்தம் ஒரு யூனிட்தான் ரெடி', இப்படி ஏதாவது. மேலே பார்த்த காட்சிக்கு 1. இந்த அளவுகோலை வைத்தால் உங்கள் நூறு சதவீதம் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள்.

டைம் அவுட்டில் ஒவ்வொருவரும் பெயரும் பொறுப்பும் சொல்ல வேண்டும் என்று செக்லிஸ்டில் இருக்கிறது. 'தினமும் பார்க்கிற முகத்துக்கு என்ன அறிமுகம்' என்பார்கள். நேற்று வந்த ஹவுஸ் சர்ஜனுக்கும் கம்பெனி ஆளுக்கும் அது பொருந்தாது. அறிமுகத்தின் போது ஒரு முறை வாய் திறந்தவருக்கு, பிறகு ஏதாவது தப்பாகத் தெரியும்போது இரண்டாவது முறை திறப்பது எளிது.

அடுத்தது பேச்சு. டொரன்டோவில் ஓர் ஆய்வுக் குழு 48 அறுவைகளைக் கவனித்து 421 உரையாடல்களைப் பதிவு செய்தது. முடிவு 2004-ல் வெளியானது. அவற்றில் 129, அதாவது ஏறத்தாழ 30 சதவீதம், ஏதோ ஒரு வகையில் பழுதானவை. பழுதுகளை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள்: நேரம் தவறியது, தகவல் குறைவானது அல்லது தவறானது, கேட்க வேண்டியவர் இல்லாதபோது பேசியது, பேசியும் விஷயம் முடியாமல் நின்றது. அதிகம் இருந்தது முதல் வகை. கீறல் போட்டபிறகு 'ஐ.சி.யூ. பெட் சொல்லியாச்சா?' என்று கேட்பது அந்த ரகம். இந்த நான்கையும் நான்கு கட்டமாகத் தாளில் வைத்து, நடக்க நடக்கக் கோடு போட்டு வந்தால் போதும்.

அதோடு நான் சேர்க்கச் சொல்வது 'யாராவது' என்ற சொல்லின் எண்ணிக்கை. 'யாராவது லைட்டைத் திருப்புங்க', 'யாராவது பிளட் பேங்க்குக்குப் போன் போடுங்க.' பெயர் இல்லாத கட்டளை. மூன்று பேர் லைட்டை நோக்கி நகர்வார்கள், போன் போட ஒருவரும் போக மாட்டார். 'ஹெப்பாரின் 5000 கொடுங்க' என்றதும் '5000 கொடுத்தாச்சு' என்று எண்ணோடு திரும்பி வருகிறதா, அல்லது தலையாட்டலோடு நிற்கிறதா என்பதையும் எண்ணலாம்.

கீழே இருப்பவர் மேலே இருப்பவரிடம் சொன்னது என்ன ஆனது? இதுதான் எனக்கு மிக முக்கியமான பத்தி. 2005-ல் இங்கிலாந்தில் இலேன் பிரோமிலி என்ற பெண் சாதாரண சைனஸ் அறுவைக்காகச் சேர்க்கப்பட்டார். மயக்கம் கொடுத்ததும் மூச்சுப் பாதையைக் காக்க முடியவில்லை. அனுபவம் வாய்ந்த மூன்று மருத்துவர்கள் அறையில் இருந்தார்கள். ஆக்சிஜன் அபாய அளவுக்குக் கீழே கிடக்க, டியூப் போடும் முயற்சியே நிமிடக்கணக்கில் தொடர்ந்தது. கழுத்தில் துளையிடும் செட்டை ஒரு நர்ஸ் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு நர்ஸ் ஐ.சி.யூ.வுக்குப் போன் செய்து படுக்கை கேட்டார். மருத்துவர்களின் முகத்தைப் பார்த்து, தான் மிகைப்படுத்திவிட்டோமோ என்று நினைத்து அதை ரத்து செய்துவிட்டார். இலேன் 13 நாள் கழித்து இறந்தார். அவர் கணவர் மார்ட்டின் பிரோமிலி ஒரு விமானி. என்ன நடந்தது என்று விசாரிக்கச் சொன்னார். 2007-ல், மனிதர்கள் வேலை செய்யும் விதம் பாதுகாப்பை எப்படிப் பாதிக்கிறது என்று பார்க்கும் 'மனிதக் காரணிகள்' துறைக்காக மருத்துவத்தில் ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

அந்த அறையில் திறமைக்கோ கருவிக்கோ குறைவில்லை. சரியான தகவல் வெளியே வந்தது, ஆனால் போய்ச் சேரவில்லை. ஆகவே உங்கள் தாளில் இரண்டு எண்கள் இருக்கட்டும்: இளையவரோ நர்ஸோ டெக்னீஷியனோ கேட்காமல் தானாகச் சொன்ன தகவல்கள் எத்தனை, அவற்றில் பதில் கிடைத்தவை எத்தனை. 'பார்த்துக்கறேன்' என்பதும் பதில்தான். மௌனம் பதில் இல்லை. முதல் எண் பல கேஸ்களில் தொடர்ந்து பூஜ்யமாக இருந்தால், பிரச்சினையே இல்லாத தியேட்டர் என்று மகிழ வேண்டாம்.

மாப், அதாவது அறுவையின்போது ரத்தம் ஒற்றும் துணி, எண்ணும் இடத்துக்கு வருவோம். உடலுக்குள் பொருள் விடுபட்டுப்போன கேஸ்களை ஆராய்ந்து 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், எண்ணிக்கை எடுக்கப்பட்டிருந்தவற்றில் 88 சதவீதத்தில் கடைசிக் கணக்கு 'சரி' என்றே எழுதப்பட்டிருந்தது. ஆக, 'கவுண்ட் கரெக்ட்' என்ற பதிவை எண்ணிப் பயனில்லை. எண்ணும் விதத்தைப் பாருங்கள். இருவர் சேர்ந்து, வாய்விட்டு, பிரித்து எண்ணினார்களா? எண்ணும்போது எத்தனை முறை யாரோ குறுக்கே வேறு ஒன்றைக் கேட்டார்கள்? குறுக்கிட்டபின் முதலிலிருந்து ஆரம்பித்தார்களா, விட்ட இடத்திலிருந்தா? அதே ஆய்வு அவசர அறுவையிலும், நடுவில் திட்டம் மாறிய அறுவையிலும் ஆபத்து பல மடங்கு என்று காட்டியது. அந்தக் கேஸ்களைத் தனியாகக் குறியுங்கள்.

கதவு திறப்பதை எண்ணுவது மலிவான, பயனுள்ள வேலை. எண்ணிக்கையை விடக் காரணம் முக்கியம். டீ, போன், ஆள் மாற்றம், 'சும்மா எட்டிப் பார்த்தேன்', கருவி எடுக்க. கடைசிக் காரணம் அதிகமாக இருந்தால், கேஸுக்கு முன் சர்ஜனும் ஸ்க்ரப் நர்ஸும் பேசிக்கொள்ளவில்லை என்று பொருள்.

படி 6: கடிகாரம்

நேரத்தை அளப்பதில் பாதிச் சண்டை, எது தொடக்கம் எது முடிவு என்பதில்தான். ஏழு நேரங்களைக் குறித்தால் போதும்: நோயாளி உள்ளே, மயக்கம் தொடக்கம், மயக்கத் தரப்பு 'ரெடி' என்ற நேரம், முதல் கீறல், கட்டுப் போட்டு முடித்தது, நோயாளி வெளியே, அடுத்த நோயாளி உள்ளே. எல்லாம் ஒரே கடிகாரத்தில். மானிட்டர் கடிகாரமும் சுவர்க் கடிகாரமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது.

ஒரு கற்பனை நாளை எடுத்துக்கொள்வோம். அன்றைய அறுவை லிஸ்ட் தொடங்க வேண்டியது 8.30 மணிக்கு. நோயாளி உள்ளே வந்தது 8.50. மயக்கம் தொடக்கம் 8.58, ரெடி 9.20. முதல் கீறல் 9.48. கட்டு முடிந்தது 11.05. நோயாளி வெளியே 11.22, அடுத்தவர் உள்ளே 12.05.

வழக்கமான பேச்சு, 'அனஸ்தீசியா லேட்.' எண்கள் வேறு சொல்கின்றன. மயக்கத்துக்கு 22 நிமிடம்தான். ரெடி என்றபின் கீறல் விழ 28 நிமிடம். அதில் படுக்கவைத்து, பெயின்ட் அடித்து, துணி போர்த்தப் போன நேரம் எவ்வளவு, சீஃப் ரவுண்ட்ஸிலிருந்து வரக் காத்திருந்தது எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். இரண்டு கேஸுக்கு நடுவில் 43 நிமிடம். அறை சுத்தமாகி அரை மணி நேரம் சும்மா கிடந்திருந்தால் காரணம் உள்ளே இல்லை. கருவிகளைக் கிருமி நீக்கித் தரும் சி.எஸ்.எஸ்.டி. பிரிவிலிருந்து செட் வரவில்லை, அல்லது வார்டில் கன்சென்ட் வாங்கவில்லை. ஒவ்வொரு தாமதத்துக்கும் காரணக் குறியீடு ஒன்றைப் போடுங்கள். 'இதர' என்ற குறியீடு அதிகமானால் பட்டியலைத் திருத்துங்கள்.

இதே கேஸில் ஆன்டிபயாடிக் வெளி அறையிலேயே 8.35-க்குப் போட்டிருந்தார்கள் என்று வையுங்கள். கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும் என்கிறது செக்லிஸ்ட். கீறல் விழுந்தபோது 73 நிமிடம் ஆகிவிட்டது. டைம் அவுட்டில் 'போட்டாச்சு' என்று பதில் வந்தது, அதுவும் பொய்யில்லை. நேரத் தாளை ஒருவரும் பாதுகாப்புத் தாளை வேறொருவரும் வைத்திருந்தால் இந்த 73-ஐ யாரும் பார்க்கவே மாட்டார்கள். இரண்டையும் ஒரே தாளில் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஒப்பிட ஓர் அளவு வேண்டுமானால், ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த அலெக்ஸ் மகாரியோ 2006-ல் முன்வைத்த மதிப்பெண் முறையைப் பார்க்கலாம். கேஸ்களுக்கு இடையிலான நேரம் 25 நிமிடத்துக்குள் என்றால் நன்று, 40-ஐத் தாண்டினால் மோசம். அன்றைய தினம் ரத்தாகும் கேஸ்கள் 5 சதவீதத்துக்குள் நன்று, 10-க்கு மேல் மோசம். அமெரிக்க எண்கள்தான், அப்படியே இலக்காக்க வேண்டாம். ரத்துகளைப் பொறுத்தவரை எண்ணை விடக் காரணப் பட்டியல் நமக்கு உதவும்: பி.பி. அதிகம், நோயாளி காலையில் காபி குடித்துவிட்டார், ரத்தம் இல்லை, ஐ.சி.யூ. பெட் இல்லை, நேரம் போதவில்லை.

இடைவெளி நேரத்தைக் குறைப்பதில் நிர்வாகங்களுக்கு ஒரு தனி மோகம். இரண்டு இடைவெளிகளில் பத்துப் பத்து நிமிடம் மிச்சம் பிடித்தாலும் அந்த இருபது நிமிடத்தில் ஒரு பித்தப்பையை எடுத்துவிட முடியாது. முதல் கேஸ் நேரத்துக்குத் தொடங்குவதும், கேஸை லிஸ்டில் போஸ்ட் செய்யும்போது சொன்ன நேரத்துக்கும் உண்மையில் எடுத்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் குறைவதும் அதைவிடப் பலன் தரும். ஒன்றரை மணி நேரம் என்று சொல்லி எப்போதும் மூன்று மணி நேரம் எடுப்பவர் ஒவ்வொரு துறையிலும் ஒருவர் உண்டு. எல்லாருக்கும் தெரியும், லிஸ்ட் போடுபவர் மட்டும் நம்பிக்கொண்டிருப்பார்.

படி 7: அரிதாக நடப்பவை

தவறான பக்கத்தில் அறுவை, உள்ளே விட்ட மாப், மேசையில் மரணம். இவற்றை எண்ணித்தான் ஆக வேண்டும், ஆனால் குழுப்பணி மேம்பட்டதா என்பதை இவற்றை வைத்துச் சொல்ல முடியாது. 300 அறுவைகளில் ஒரு தவறும் இல்லை என்றால், உண்மை விகிதம் 1 சதவீதம் வரைகூட இருக்கலாம். ஒன்றும் நடக்காதபோது 3-ஐ மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் வருவது 95 சதவீத நம்பிக்கையில் மேல் எல்லை. 'எங்களிடம் பூஜ்யம்' என்று சுவரொட்டி ஒட்டுவதற்கு முன் இந்த வகுத்தலைச் செய்து பாருங்கள்.

அதனால் இன்னும் கொஞ்சம் அடிக்கடி நடப்பவற்றை எடுங்கள்: திட்டமிடாமல் மறுபடி தியேட்டருக்குத் திரும்பியது, அறுவைப் புண்ணில் தொற்று, எதிர்பாராமல் ஐ.சி.யூ.வுக்குப் போனது. மயிரிழையில் தப்பியவற்றையும் பதிவு செய்யுங்கள். இந்தப் பதிவுகள் முதல் சில மாதங்களில் ஏறினால் அது நல்ல செய்தி, ஆட்கள் பயமின்றிச் சொல்கிறார்கள். இதை நிர்வாகத்திடம் முன்பே சொல்லி வைக்காவிட்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். என்.ஏ.பி.எச். தரக் குறியீடுகளிலேயே திட்டமிடாத மறுஅறுவையும் தள்ளிப்போன அறுவைகளும் இருக்கின்றன. அரசு மகப்பேறு தியேட்டர்களில், பிரசவச் சிகிச்சையின் தரத்தை உயர்த்தும் மத்திய அரசின் 'லக்ஷ்யா' திட்டத்துக்காகவும் பதிவுகள் உண்டு. எடுத்ததையே இரண்டாம் முறை எடுக்க வேண்டாம்.

படி 8: கேள்வித்தாள்

வருடத்துக்கு ஒரு முறை போதும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உருவான பாதுகாப்பு மனப்பான்மைக் கேள்வித்தாள் பலரும் பயன்படுத்துவது. அதில் ஆறு பகுதிகள், 'குழுப்பணிச் சூழல்' ஒன்று. இதில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம்: பதில்களைப் பதவி வாரியாகப் பிரித்துப் பாருங்கள். 'எங்கள் தியேட்டரில் ஒத்துழைப்பு எப்படி' என்று கேட்டால் சர்ஜன்கள் தரும் மதிப்பெண்ணுக்கும் நர்ஸ்கள் தரும் மதிப்பெண்ணுக்கும் பெரிய இடைவெளி இருப்பதை அமெரிக்க ஆய்வுகள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கின்றன. உயரம் சர்ஜன் பக்கம். இந்த இடைவெளியே ஓர் அளவீடு. ஒரு பிரிவில் நாலு பேர்தான் இருந்தால் தனியாக வெளியிடாதீர்கள், கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள்.

படி 9: எண்களைச் சேர்த்துப் படிப்பது

எல்லாவற்றையும் கூட்டி ஒரே மதிப்பெண் ஆக்காதீர்கள், ஜோடி ஜோடியாகப் படியுங்கள். முதல் கேஸ் நேரத்துக்குத் தொடங்குவது கூடியபோது டைம் அவுட் தரம் என்ன ஆனது? இடைவெளி நேரம் குறைந்தபோது மாப் எண்ணும்போது குறுக்கிடுவது கூடியதா? ஒன்று ஏறி மற்றொன்று இறங்கினால் அது முன்னேற்றம் இல்லை, கடன் வாங்கியது.

இரண்டும் ஒன்றாகவே மேம்படவும் முடியும். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையில், இதய அறுவை முடிந்த குழந்தையை ஐ.சி.யூ.விடம் ஒப்படைக்கும் முறையை ஃபெராரி பந்தயக் கார் அணியிடம் கேட்டு மாற்றி அமைத்தார்கள். யார் எங்கே நிற்பது, யார் முதலில் பேசுவது என்று எல்லாம் வரையறுக்கப்பட்டது. 2007-ல் வெளியான முடிவில், ஓர் ஒப்படைப்புக்குச் சராசரித் தொழில்நுட்பப் பிழைகள் 5.42-லிருந்து 3.15 ஆயின. விடுபட்ட தகவல்கள் 2.09-லிருந்து 1.07. எடுத்த நேரமும் கூடவில்லை, 10.8 நிமிடத்திலிருந்து 9.4 ஆனது.

மாதத்தை மாதத்தோடு ஒப்பிட்டு 'போன மாதம் 71, இந்த மாதம் 68' என்று கவலைப்படுவது வீண். வாரவாரம் ஒரு புள்ளி வைத்து, நடு மதிப்புக்கு (எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) ஒரு கோடு போடுங்கள். தொடர்ந்து ஆறு புள்ளிகள் கோட்டுக்கு ஒரே பக்கம் விழுந்தால்தான் ஏதோ மாறியிருக்கிறது. நேரங்களுக்குச் சராசரியை விட நடு மதிப்பு நல்லது. மூன்று மணி நேரம் இழுத்த ஒரு கேஸ் சராசரியைக் கவிழ்த்துவிடும்.

படி 10: திரும்பச் சொல்வது

பார்த்ததை அந்த வாரத்துக்குள் அந்த அணியிடமே முதலில் சொல்லுங்கள். நிர்வாகத்துக்கு அப்புறம். கூட்டத்துக்கு மூன்று தரப்பிலிருந்தும் ஆள் வர வேண்டும். ஸ்க்ரப் நர்ஸ் வர முடியாத நேரத்தில் வைத்த கூட்டம் கணக்கில் இல்லை. பத்து எண்களைக் காட்டாதீர்கள், இரண்டு போதும். கூடவே தாளில் எழுதிய ஒரு சம்பவம், பெயர் இல்லாமல். 'டைம் அவுட் சராசரி 1.3' என்பதற்கு அசையாத சீஃப், 'ரத்தம் ஒரு யூனிட்தான் ரெடி என்று டெக்னீஷியன் சொன்னார், யாரும் பதில் சொல்லவில்லை, நாற்பது நிமிடம் கழித்து அதே கேள்வியை நீங்கள் கேட்டீர்கள்' என்றால் நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு மாற்றத்தை மட்டும் அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். டைம் அவுட்டைச் சர்ஜனே படிப்பது, மாப் எண்ணும்போது பேச்சை நிறுத்துவது, காலையில் முதல் கேஸுக்கு முன் ஐந்து நிமிடம் லிஸ்டைச் சேர்ந்து பார்ப்பது, இப்படி ஏதாவது ஒன்று. ஆறு வாரம் ஓட்டி, அதே தாளை, அதே பார்வையாளர்களை வைத்து மறுபடி அளந்து பாருங்கள். மூன்று மாதம் யாரும் கேட்காத எண்ணை எடுப்பதை நிறுத்திவிடுங்கள். தாள் நீளமானால் கடைசிப் பக்கம் டீ ரூமில் உட்கார்ந்து நிரப்பப்படும்.

முதல் சுற்றைப் பகல் லிஸ்ட் கேஸ்களில் முடியுங்கள், இருபது முப்பது கேஸ் போதும். இரண்டாம் சுற்றில் இரவு எமர்ஜென்சிகளுக்குப் போங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு வரும் சிசேரியனில் சீஃப் இருக்க மாட்டார், பி.ஜி.யும் டியூட்டி அனஸ்தடிஸ்ட்டும் ஒரு ஸ்டாஃப் நர்ஸும்தான் இருப்பார்கள். பகலில் 2 வாங்கிய டைம் அவுட் அங்கே எவ்வளவு வாங்குகிறது என்பதைப் பார்த்தபிறகு மூன்றாம் சுற்றைத் திட்டமிடலாம்.